விமானத்துக்குள் விடுதலை



ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று எங்கள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த சனத்தை வரிசையில் விட்டு, 158 பேரை ஆமி கொண்டுபோனது. பிறகு பாலகிட்னர் ஆணைக்குழு விசாரித்தது. போனவர்கள் வரவில்லை. அந்தக் காலத்தில் ‘அப்படியொரு ஆள் எங்களிடம் இல்லை’ என்ற பதிலில் முட்டி நின்ற மனுக்கள் ஏராளம்.

நான் இருக்கும் அமெரிக்காவில் அதே மனுவைப் போட்ட ஓர் இலங்கைத் தமிழரைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தேன். இவர் விடயத்தில் ஆள் இல்லை என்று அரசு சொல்லவில்லை. கையிலேயே வைத்திருந்தது. அப்படியும் தோற்றார்.

சட்டப் புத்தகங்களில் துரைசிங்கம் வழக்கு என்று வரும். 2017 தொடக்கத்தில், சான் டியாகோவுக்குப் பக்கத்தில், மெக்சிக்கோ எல்லையைத் தாண்டி 25 யார் தூரத்துக்குள் பிடிபட்டார். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப் பிடிபடுகிறவரை வழக்கு விசாரணை இல்லாமலே திருப்பி அனுப்பலாம். ஊருக்குப் போகப் பயம் என்று சொன்னால் மட்டும் ஓர் அதிகாரி நேர்காணல் செய்வார். தன்னைச் சிலர் கடத்திக்கொண்டுபோய் மோசமாக அடித்தார்கள் என்றார் இவர். யார் அவர்கள்? தெரியாது. ஏன் அடித்தார்கள்? அதுவும் தெரியாது. அதிகாரி அவர் சொன்னதை நம்பினார். ஆனால் அரசியலோ இனமோ காரணம் என்று காட்ட ஒன்றுமில்லை என்று கோப்பை மூடிவிட்டார். மேலதிகாரியும் குடிவரவு நீதிபதியும் அதற்கு ஓம் போட்டார்கள்.

ஆட்களைக் கடத்த வெள்ளை வான் வந்துபோன ஒழுங்கையில் ‘ஆர் கொண்டுபோனது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தெரியாது’ என்பார்கள். கேட்டவருக்கும் அது போதும், மேற்கொண்டு கேட்கமாட்டார். அந்த ‘தெரியாது’வை வாசிக்க அமெரிக்கப் படிவத்தில் இடமில்லை. தமிழர் சார்பான தன் அரசியலே காரணம் என்பதை அவர் பிறகு மனுவில்தான் எழுதினார்.

2020 ஜூன் 25இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் அலிட்டோ. ஆட்கொணர்வு மனு தடுப்பிலிருந்து விடுதலை பெறத்தான், இவர் கேட்பதோ இன்னொரு விசாரணையும் நாட்டில் தங்கும் வாய்ப்பும் என்றார். விடுதலைதான் வேண்டுமென்றால் அரசு சந்தோசமாகத் தருமாம், இலங்கைக்குப் புறப்படும் விமானத்துக்குள் வைத்து! சட்டத் தர்க்கத்தில் அதற்கு நியாயம் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நக்கலாகத்தான் படுகிறது. சொட்டோமேயரும் கேகனும் மறுத்து எழுதினார்கள்.

எங்கள் நாட்டிலேயே இந்த மனு வென்ற கதையும் உண்டு. தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழக வந்து, சமசமாஜக் கட்சியில் சேர்ந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரரை, 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்த உத்தரவிட்டார். எச்.வி. பெரேரா வாதாடினார். அவசரநிலை இல்லாத நேரத்தில் ஆளுநருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று பிரதம நீதியரசர் ஏப்ரகாம்சின் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குடியேற்ற ஆட்சியின் நீதிமன்றம், அதே ஆட்சியின் ஆளுநருக்கு எதிராக! அவர் வெள்ளைத் தோல்காரர் என்பதையும் நான் மறக்கவில்லை.

அமெரிக்காவில் மனு இன்னும் சாகவில்லை. 1798ஆம் ஆண்டுச் சட்டமொன்றைக் காட்டி வெனிசுவேலாக்காரரை அரசு நாடுகடத்தப் பார்த்தபோது, 2025 ஏப்ரலில் இதே அமெரிக்க உயர் நீதிமன்றம், முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், எதிர்ப்பவர் தடுத்து வைக்கப்பட்ட இடத்திலேயே ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும் என்றது. எல்லையில் பிடிபடுகிற எங்கள் பொடியனுக்கு அது எவ்வளவுக்கு உதவும்? துரைசிங்கம் தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

ஆகவே, ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி அந்தப் பாதையால் பிள்ளையை விட்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்காணல் கிடைத்தால் அதில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கு முன்னர் சட்டம் தெரிந்த ஒருவரோடு கதைக்கலாம். அதிகாரி மறுத்தால் குடிவரவு நீதிபதி பார்ப்பார், அதுவும் ஏழு நாளுக்குள். அதற்கப்பால் நீதிமன்றக் கதவு அநேகமாகப் பூட்டுத்தான். கடத்த வந்தவர்கள் என்ன மொழி கதைத்தார்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தார்கள், தேர்தலில் யாருக்கு நோட்டீஸ் ஒட்டியதற்குப் பிறகு வந்தார்கள் என்ற எல்லாவற்றையும் முதல் நாளே, ஒன்றும் மிச்சம் வைக்காமல், சொல்லச் சொல்லுங்கள்.