கந்தக பூமியில் பனிக்காலம்

பனிக்காலம் என்றதும் காஷ்மீரத்துக் குல்மார்க்கையும், அங்கே சறுக்கு விளையாடுகிறவர்களையும் எண்ணிப் பெருமூச்சு விடுகிறீர்களா? கந்தக பூமியான விருதுநகர் ஜில்லாவிலும் பனிக்காலம் உண்டு, சகோதரிகளே! வெண்பனி கொட்டாது, புல் நுனியில் முத்து முத்தாக நிற்கும், அவ்வளவுதான்.

மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ஆண்டாளைச் சேவித்துவிட்டு, மேற்கே மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குக் கிளம்புங்கள். வனத்துறையின் அனுமதி பெற்றுக் குடும்பத்தோடு நடக்கலாம். சறுக்குப் பலகை வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். தலைக்கு மப்ளர், பிளாஸ்க்கில் காப்பி, வாயில் மௌனம்: இவை போதும்!

மேலே பாருங்கள். சாம்பல் பூசிய உடம்பும் நீண்ட வாலுமாகக் கிளைக்குக் கிளை தாவுகிறதே, அதுதான் நரை அணில். இதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது.

இந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். மரங்கள் கிளை கோத்து நின்றால்தான் அதற்குப் பாதை. நடுவில் ஒரு மரம் வீழ்ந்தாலும் பாலம் இடிந்த மாதிரிதான்! குழந்தைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே நடங்கள்.

திரும்பும்போது பால்கோவாவை மறந்துவிடாதீர்கள். பனிக்குக் கம்பளியைவிட அது இதம்!