பாயில் இருந்த ரீச்சர்

எங்கள் ஊர் முன்பள்ளிக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் ஆரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "ரீச்சரின்ர கொட்டில்" எண்டுதான் சொல்லுவினம். மல்லாவிச் சந்தியில் இருந்து சைக்கிளில் இருபது நிமிசம். அரைச் சுவர், தகரக் கூரை, முன்னால ஒரு பாலைமரம், அதில ஒரு ஊஞ்சல். காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும்.

2022 மார்ச்சில் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ரீச்சருக்கு உதவியாக அங்கே போனேன். சம்பளம் இல்லை. வீட்டில சும்மா இருந்து பேச்சு வாங்கிறதை விட இது நல்லது எண்டு நினைச்சன். அப்போது இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் வட்டமாக நின்று பாட்டு, பிறகு மணலில் விரலால் எழுத்து, கதை, பத்து மணிக்கு இலைக்கஞ்சி. வெள்ளிக்கிழமையில் நகம் பார்ப்போம். வருசத்தில் ஒருக்கா சிறுவர் சந்தை. வீட்டில் இருந்து கொண்டுவந்த வல்லாரைக் கட்டையும் தேசிக்காயையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அம்மாமாருக்கே விலை சொல்லுவார்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கல், மார்கழியில் ஒளிவிழா. கண்காட்சிக்குப் பழைய யோகட் கோப்பையும் சிரட்டையும் சேர்ப்பதே எனக்குப் பெரிய வேலை.

இந்த நாட்டில் கல்வி இலவசம் எண்டு படிச்சுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றது. சீருடைத் துணி, புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஆனால் அதெல்லாம் முதலாம் ஆண்டில் இருந்துதான். அதற்கு முந்திய இரண்டு வருசத்தை ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கொட்டிலில் அதைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் தரும் மாதக் காசு. ரீச்சரின் கைக்கு வருவது, வயலில் களை பிடுங்கப் போனால் நாலைந்து நாளில் எடுக்கக்கூடிய காசுதான்.

அந்த வருசம் எப்படிப்பட்ட வருசம் எண்டு உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மா விலை கேட்கவே பயம். உரம் இல்லாமல் வயல் கைவிட்டது. வைகாசியில் பாதிப் பேர் காசு கட்டவில்லை. ஆனியில் இன்னும் குறைந்தது. ரீச்சர் இரண்டு மாதமாக வெறுங்கையோடு வீட்டுக்குப் போனா. அவவுக்கும் இரண்டு பிள்ளைகள். ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கினமாம் எண்டு ஒருநாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டே சொன்னா. எனக்குப் பகீர் எண்டது. ரீச்சர் போனால் கொட்டில் இல்லை.

கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது. அன்று பின்னேரம் ஒரு பிறிஸ்டல் போட்டில் காசு கட்டாத பிள்ளைகளின் பெயர்களை எழுதினேன். நேரே நிலுவைத் தொகை. சிவப்புப் பேனையால் கோடு வேற அடித்தேன். அடுத்தநாள் காலை ரீச்சர் வர முந்தி, தண்ணிப் பானைக்கு மேல ஒட்டினேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமார் கட்டாயம் பார்க்கும் இடம் அதுதான். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

பலன் கிடைத்தது. அந்தக் கிழமையே ஐந்து பேர் கட்டினார்கள். ஒரு பிள்ளை வராமல் விட்டது.

முதல் நாள் காய்ச்சலாக்கும் எண்டு விட்டோம். நாலாம் நாள் ரீச்சர் பட்டியலைக் காட்டி, "நீ எழுதினதோ?" எண்டு மட்டும் கேட்டா. வேறொன்றும் சொல்லவில்லை. கழற்றவும் சொல்லவில்லை. அவவுக்கும் அந்தக் காசு தேவை எண்டு எனக்குத் தெரியும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. கை நின்றது. "எங்கட கொட்டில்ல அப்பிடி எழுதியிருந்தா நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டன்" எண்டா. அம்மாவுக்கும் ஒரு கொட்டில் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மாயி மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவ. 1977 கலவரத்தோடு, அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போது, உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் வந்தவர்கள். காட்டோரத்தில் குடிசை. பக்கத்து ஊரில் சிலர் தங்கள் கிணத்தில் வாளி போட விடமாட்டினமாம். "தோட்டக்காட்டார்" எண்டு முகத்துக்கு நேரேயே சொல்லுவினமாம். அந்தக் குடியிருப்புக்குத்தான் காந்தீயக்காரர் வந்து ஒரு பாலர் பாடசாலை தொடங்கினார்கள்.

"காசெல்லாம் கேட்டதில்ல பாப்பா" எண்டு அம்மாயி திண்ணையில் இருந்து சொன்னா. "நாங்களே கம்பு வெட்டி, கிடுகு போட்டுக் குடுத்தோம். ஒரு சின்னப் பொண்ணு தான் டீச்சர்."

அம்மாவின் நினைவில் இருப்பது ஒரு கோப்பைப் பாலும் ஒரு பாயும். "ரீச்சருக்குக் கதிரை இருந்தது. ஆனா அவ எங்களோட பாயிலதான் இருப்பா. எங்கட கோப்பையிலயே பாலும் குடிப்பா. வேற ஆரும் அப்பிடிக் குடிச்சு நான் பாக்கேல்ல." பிறகு ஒருநாள் ரீச்சர் வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை.

ஏன் வரவில்லை எண்டு நான் வாசித்து அறிந்தது கலைப்பீடத்துக்கு வந்த பிறகு. கட்டடக் கலைஞரான எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1970களில் தொடங்கியது காந்தீயம். அகதிகளைக் குடியேற்றினார்கள், பண்ணைகள் அமைத்தார்கள், இளம் பெண்களைப் பயிற்றி ஊர் ஊராகப் பாலர் பாடசாலை நடத்தினார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைது. ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைப்பில் வெளியேறினார். நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, 2015இல் கிளிநொச்சியில் இறந்தார். நான் அப்போது மல்லாவியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. ஒரு மணித்தியாலப் பஸ் தூரத்தில் அந்த மனிதர் இருந்திருக்கிறார். அம்மாவுக்கும் தெரியாது.

வெலிக்கடை பற்றி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதற்கும் அம்மாவின் பாலுக்கும் தொடர்பு இருக்கும் எண்டு ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த 2022க்கு வருகிறேன். அடுத்தநாள் விடிய முதல் வேலையாகப் பட்டியலைக் கிழித்தேன். பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் வாசலுக்கு வந்தா. "காசு வந்த உடன அனுப்பிறன் தங்கச்சி" எண்டா, நான் வாய் திறக்க முந்தியே. காசு கேட்க வரவில்லை, பிள்ளையைக் கேட்கத்தான் வந்தேன் எண்டு சொன்னேன். அவ நம்பினதாகத் தெரியவில்லை. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. ஒரு கிழமை கழித்து வந்தது. கஞ்சிக்கு மட்டும் கடைசியாகத்தான் எழும்பும். அது முந்தி அப்படி இல்லை.

ரீச்சரின் பிரச்சினை தீரவில்லை. அம்மாமார் கூட்டம் போட்டோம். காசு ஏலாத வீடு அரிசியோ மரக்கறியோ விறகோ தரலாம், என்ன தந்தது எண்டு ஆருக்கும் சொல்லத் தேவையில்லை எண்டு முடிவானது. சில மாதம் ஒழுங்காக நடந்தது, சில மாதம் இழுபட்டது. ரீச்சர் தொழிற்சாலைக்குப் போகவில்லை. நான்தான் கம்பஸுக்கு எண்டு கிளம்பி வந்தேன். ரீச்சரை இரு எண்டு மறித்துவிட்டு நான் போனது சரியோ எண்டு இன்றைக்கும் தெரியவில்லை.

போன விடுமுறைக்குக் கொட்டிலுக்குப் போனேன். பதினாறு பிள்ளைகள். கறையான் அரித்த ஒரு கப்பை மாற்றியிருந்தார்கள். மல்லாவிச் சந்தியில் புது முன்பள்ளி ஒன்று வந்திருக்கிறது, பட்டமளிப்பு உடுப்பெல்லாம் போட்டுப் படம் எடுக்கினமாம் எண்டு ரீச்சர் சொன்னா. சொல்லிக்கொண்டே எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டா. நான் பாயில் இருந்தேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொட்டில் இருக்கும். அங்க ரீச்சருக்குப் போன மாதம் என்ன கிடைத்தது, எந்தப் பிள்ளை வராமல் விட்டது எண்டு ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோ. இரண்டையும் கேளுங்கோ. நான் முதலாவதை மட்டும்தான் கேட்டேன்.