மேற்கு ஜன்னலுக்கு ஒரு டியூப் சிலிகான்

ஆனி, செவ்வாய்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று சாரலைச் சாய்த்தே அடிக்கிறது. மேற்குப் பார்த்த அலுமினிய ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே பழைய சிலிகான் பிடிப்பு விட்டுவிட்டது. கீழே சுவர் ஊறி, பெயிண்ட் உப்பி நிற்கிறது. சந்தை நாள் வேறு. மாடு ஏற்றிய வண்டிகளுக்குள் புகுந்து ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"கண்ணாடிக்குங்களா, செவுத்துக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

கேட்க வேண்டிய கேள்விதான். விலை குறைந்த டியூப் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். காடி நாற்றம் அடிப்பது அதனால்தான். கண்ணாடிக்கு அது போதும். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்தால் பிடிப்புக் கெடும், மார்பிளையும் அரிக்கும். 'நியூட்ரல்' வாங்கினேன். காசு கூடத்தான்.

புதன்

பழசை உரிப்பதிலேயே பகல் போயிற்று. இறுகிய சிலிகான்மேல் புது சிலிகான் ஒட்டாது. இது தெரிந்தும் மேலேயே இன்னொரு பூச்சு இழுத்துவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இரண்டு விளிம்பையும் பிளேடால் அறுத்து இழுத்தால் முழு நீளத்துக்கும் வருகிறது, இன்னும் மெத்தென்று. 1969இல் நிலாவில் நடந்தவர்கள் பூட்ஸுக்கு மேல் மாட்டியிருந்த உறையின் அடிப்பாகம்கூட சிலிகான் ரப்பர்தான். வெயிலுக்கும் குளிருக்கும் அது லேசில் அசையாது. உரித்ததைத் திருப்பிப் பார்த்தால் அடி முழுக்கச் சிமெண்டுத் தூசி. யாரோ துடைக்காமலே பூசியிருக்கிறார்கள். மிச்சத்தைப் பட்டி பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன்.

வெள்ளி

நேற்று மத்தியானமே மழை வெறித்தது. இடுக்கு நன்றாகக் காய்ந்திருக்கிறது. பூசும் இடம் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் காற்றில் ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை இழுத்துத்தான் சிலிகான் இறுகுகிறது. பங்குனி வெயிலைவிட ஆனிக் காற்று தோது.

இடுக்கின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப். டியூப் மூக்கை இடுக்கின் அகலத்துக்கு மட்டும், 45 டிகிரி சாய்வாக வெட்டினேன். தாராளமாக வெட்டினால் பசை கொட்டித் தீர்க்கும். டியூபை மாட்டிய சிலிகான் கன்னை ஒரே சீராக அழுத்தி, நடுவில் நிற்காமல் ஓர் இழுப்பு. முடிந்ததும் பின்னால் இருக்கும் தகட்டை அமுக்கி விட்டேன். அதை மறந்தால் கீழே வைத்த பிறகும் கன் கக்கிக்கொண்டே இருக்கும்.

சோப்புத் தண்ணீர் விரலுக்கு மட்டும். பசை விழும் முன்னால் இடுக்கில் பட்டால் பிடிக்காது. நனைத்த விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவல். "இந்த ஓரம் மட்டும்" என்று மறுபடி கை போகும் பாருங்கள், அசிங்கமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டத் தொடங்கிவிடும், பிறகு தொட்டால் சுருங்கும். டேப்பையும் அதற்குள் உரித்தாக வேண்டும், பூச்சை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து.

"ஏனுங்க, அந்தக் கையோட கதவைத் தொடாதீங்க" என்று உள்ளிருந்து குரல். கையில் பட்டதைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் அப்பும். காய்ந்த பேப்பரில் துடைத்தேன்.

சனி

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது திங்கட்கிழமைதான், அதற்குள் சாரல் முந்திக்கொள்ளாவிட்டால். டியூப் மூக்கில் ஆணியைச் செருகி வைத்திருக்கிறேன். மிச்சம் சிங்க் ஓரத்துக்கு ஆகும். கறுப்புக் கிரானைட்டில் வெள்ளைக் கோடு ஆகாது என்று வீட்டில் இப்போதே ஆட்சேபம்.