வெயில் இலவசம், தண்ணீர்?

சோலார் பம்ப்செட் மானியத்துக்கு மனுக் கொடுக்க வரும் விவசாயிகளிடம் நான் முதலில் கேட்பது, "உங்க கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கும்?" என்பதைத்தான்.

5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். அந்தச் செலவுக்குப் பயந்தே என் அப்பா இரண்டு மணி நேரத்தில் இன்ஜினை நிறுத்திவிடுவார். விடிவதற்குள் கிணறு ஊறிவிடும். டீசல் விலையே கிணற்றுக்குக் காவலாக இருந்தது.

சோலாரில் அந்தக் காவல் இல்லை. காலை 9 மணிக்குப் போட்டால் மாலை 4 மணி வரை ஓடும்; செலவில்லை. போன கோடையில் ஓர் அம்மா வந்து, "பக்கத்துத் தோட்டத்துல சோலார் போட்டதுலேருந்து எங்க கிணத்துல குடம் முங்கலை சார்" என்றார். பக்கத்துத் தோட்டக்காரரையும் எனக்குத் தெரியும். டீசல் கடனிலிருந்து அப்போதுதான் மீண்டவர். இருவருக்கும் அடியில் இருப்பது ஒரே ஊற்று.

டீசலை விடத்தான் வேண்டும்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், சோலாரோடு சொட்டுநீரும் சேர்த்துப் போடுங்கள். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவிகித மானியம் உண்டு. தண்ணீர் பாய்ந்து முடிந்ததும், வெயில் மிச்சமிருந்தாலும் மோட்டாரை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்து, நோட்டில் எழுதிவையுங்கள். மட்டம் இறங்கினால் ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள்.