மெய்க்கீர்த்தியும் கட் அவுட்டும்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், பேரம் முடிந்ததும் ஓர் அரைநாள் மிச்சம் வைத்துக்கொண்டு திருமுக்கூடல் போய்விட்டு வாருங்கள். வாலாஜாபாத் தாண்டி, பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். (முக்கால்வாசி மாதங்களில் கூடுவது மணல்தான்.) அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் 1067 வாக்கில்.

பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, அங்கே நடந்ததைச் சொல்லும் கல்வெட்டு என்பதால் புகழ் பெற்றது. வைத்தியருக்கு என்ன, சல்லியக்கிரியை பண்ணுகிறவருக்கு என்ன, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு என்ன என்று கூலிக்கணக்கு சுத்தமாக இருக்கிறது. எனக்குச் சுவாரஸ்யப்பட்டது அதற்கு முன்னால் வருகிற மெய்க்கீர்த்தி. நம் பாஷையில் ஓபனிங் சாங்! சாளுக்கிய ஆகவமல்லனை ஐந்து தடவை முதுகு காட்டி ஓட வைத்தவராம் மன்னர். சாளுக்கியப் பக்கத்துக் கவிஞர் பில்ஹணரைப் படித்தால் ஜெயித்தவர்களே வேறு. ரெண்டு பேருக்கும் தனித்தனி ரசிகர் மன்றம்.

ராஜராஜன் காலத்தில் சூடுபிடித்த வழக்கம் இது. வெற்றி சேரச் சேர வாசகம் நீளும். அதே வாசகம் கோயிலுக்குக் கோயில் வெட்டப்படும். எழுதிய புலவர் பெயர் மட்டும் இருக்காது.

இதே வேலையை இருபதாம் நூற்றாண்டில் யாரும் எம்.ஜி.ஆர். அளவுக்குக் கச்சிதமாகச் செய்யவில்லை என்பது என் கட்சி. படகோட்டி, தொழிலாளி, விவசாயி, ரிக்‌ஷாக்காரன், மீனவ நண்பன்... படப்பெயர்களை வரிசையாகப் படித்தால் தொழிலாளர் நலத்துறை ஃபைல் மாதிரி இருக்கும். திரையில் குடிக்க மாட்டார், சிகரெட் தொட மாட்டார், தாய் சொல்லைத் தட்ட மாட்டார். திரைக்கு வெளியே நிஜ ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தார். கொடுத்ததும் நிஜம், அது ஊர் பூராவும் தெரிந்ததும் நிஜம். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். பிரசாரத்துக்கே போக முடியவில்லை. கழுத்துக் கட்டோடு இருக்கிற போட்டோ போஸ்டராகப் போனது. பரங்கிமலையில் ஜெயித்தார். அந்தப் போஸ்டரில் நடிப்பு எது, வலி எது என்று பிரிக்க முடியாது. பாமரர்கள் ஏமாந்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்; தன்னைப் போன்ற ஒருத்தன் ஜெயிப்பதைப் பார்க்கக் காசு கொடுத்தவன் எப்படி ஏமாளி ஆவான்?

பட்டங்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமோ? பெரும்பாலும் கடைக்காரரிடமிருந்து. 1978-ல் 'பைரவி'யை சென்னையில் வெளியிட்ட விநியோகஸ்தர் தாணுதான் ரஜினிக்கு 'சூப்பர் ஸ்டார்' போட்டு, பிளாஸா தியேட்டரில் பிரம்மாண்டமான கட் அவுட் வைத்தார். 1992-ல் 'அண்ணாமலை'க்கு அந்தப் பட்டத்தையே புள்ளி புள்ளியாக மின்ன வைத்து, தேவாவின் சத்தத்தோடு டைட்டில் ஆக்கினார்கள். பெங்களூர் பஸ் கண்டக்டர் சிவாஜி ராவுக்கு 'ரஜினிகாந்த்' என்கிற பெயரே கே.பாலசந்தர் வைத்ததுதான்.

ஊர்ப்பக்கம் தியேட்டர் வாசல் பேனர்களைக் கவனித்திருப்பீர்கள். மேலே ஹீரோ பத்தடிக்குச் சிரிப்பார். கீழே வரிசையாக ஸ்டாம்ப் சைஸில் முகங்கள்: கூலிங்கிளாஸ் போட்ட ஒன்று, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைப்பாக ஒன்று. பேனருக்குக் காசு அந்தச் சின்ன முகங்களுடையது. விளம்பரத்துக்குத் தன் கைக்காசைப் போடுகிற வாடிக்கையாளன் எந்த சோப்புக்கம்பெனிக்கும் கிடைத்ததில்லை.

இந்த இயந்திரத்தை நிறுத்த முடியுமா என்று ஒருத்தர் முயற்சி பண்ணினார். 2011-ல் அஜித் தன் ரசிகர் மன்றங்களைக் கலைப்பதாக அறிவித்தார். 2021-ல் 'தல' என்று கூப்பிடாதீர்கள் என்றார். 2023 ஜனவரியில் 'துணிவு' ரிலீஸ் அன்று, கோயம்பேடு ரோகிணி தியேட்டர் அருகே லாரி மேல் ஏறி ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்துபோனான். அடுத்த வருஷம் பொது இடங்களிலெல்லாம் 'கடவுளே அஜித்தே' என்று ஒரு கோஷம் கிளம்பியது. அது கவலை தருகிறது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று அந்த டிசம்பரில் அறிக்கை விட்டார்.

மன்றத்தைக் கலைத்துப் பதின்மூன்று வருஷம் கழித்து.