நமக்கென ஒரு கெர்னல்

டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்களுடன் வரும் லினக்ஸ் கெர்னல், எந்த இயந்திரத்தில் வைத்தாலும் இயங்கவேண்டும் என்னும் உத்தேசத்தோடு, ஆயிரக்கணக்கான சாதனங்களுக்குரிய டிரைவர்களைத் தன்னோடு சுமந்து வருகிறது. அது பெரிய உபகாரமே. ஆயினும், மூல நிரலை இறக்கி, நம் இயந்திரத்துக்கு வேண்டியதை மட்டும் தெரிந்தெடுத்து, நாமே கம்பைல் செய்துகொள்ளும் பிரயாசையை ஒருமுறையேனும் மேற்கொள்ளாதவருக்கு, லினக்ஸ் அளிக்கும் சுதந்திரத்தின் ருசி முழுவதும் கிட்டுவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

1991-இல் ஹெல்சின்கி சர்வகலாசாலை மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதற் பதிப்பு ஏறக்குறைய 10,000 வரிகளே கொண்டது; இன்றோ அது 3 கோடி வரிகளையும் கடந்துவிட்டது. 1992-இல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தது முதல், அதைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் யாவருக்கும் பாத்தியதை உண்டு. ஆனால் அத்தனை வரிகளுக்கு முன் நிற்கும் சாமானியர் எந்த வாயிலில் நுழைவது?

‘மேக் மெனுகான்ஃபிக்’ என்னும் கட்டளையே அவ்வாயில். அதைத் தட்டியதும் விரியும் பட்டியலில், செயலி எந்த வகை, வைஃபை சில்லு எது, கோப்பு முறைமை எது என்று வரிக்கு வரி வினாக்கள் எழுகின்றன. டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே பதிப்பதா, மாட்யூலாகப் புறத்தே வைத்துத் தேவையானபோது அழைப்பதா, அறவே விலக்குவதா என்று நாமே தீர்மானிக்கவேண்டும். பல வினாக்களின் உதவிக் குறிப்பு, நிச்சயமில்லையேல் இன்ன விடை சொல்லுக என்று பரிவோடு முடிகிறது.

இவற்றுள் என் சிந்தையை மிகவும் கவர்ந்தது வட்டைப் பற்றிய வினா. வட்டைத் திறக்கும் டிரைவரை மாட்யூலாக்கி அதே வட்டில் மட்டும் வைத்துவிட்டால், அதை எடுப்பதற்குக் கெர்னல் வட்டைத் திறந்தாகவேண்டும். வட்டைத் திறப்பதற்கோ அந்த மாட்யூல் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியது போன்ற இச்சங்கடத்தில், ரூட் கோப்பு முறைமையை ஏற்ற இயலாத கெர்னல் ‘பேனிக்’ என்று அறிவித்து நின்றுவிடும். டிரைவரையும் கோப்பு முறைமையையும் உள்ளேயே பதித்துவிடுவது ஒரு பரிகாரம். துவக்கத்திலேயே நினைவகத்தில் ஏறும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்புத் தொகுதியில் மாட்யூலை வைப்பது மற்றொன்று. விநியோகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது காரியத்தை நமக்காகச் செய்துவிடுவதால்தான், இப்படியொரு சிக்கல் உண்டென்பதையே அறியாமல் நாம் தினந்தோறும் கணினியைத் துவக்குகிறோம்.

பழைய கெர்னலைத் துவக்கத்தில் தோன்றும் ‘கிரப்’ பட்டியலில் விட்டுவைத்துப் பரீட்சை செய்பவருக்கு இதில் அஞ்சத்தக்கது அதிகமில்லை. இவ்வாறு கட்டிய கெர்னலால் வேகம் பெரிதாகக் கூடிவிடாது என்பதும் உண்மையே. எனினும், எது எதற்காக வேண்டும், எது இல்லாமலும் இயந்திரம் இயங்கும் என்று ஆராய்ந்து ஆராய்ந்து விடையளித்தவருக்கு, உரிமம் ஏட்டில் அளித்த பாத்தியதை அனுபவ பாத்தியதையாகிவிடுகிறது. ஆதலின், லினக்ஸ் கற்பிக்கும் ஆசிரியர்கள் கட்டளைகளை மனனம் செய்விப்பதோடு நில்லாமல், மாணாக்கர் ஒவ்வொருவரையும் ஒரு கெர்னலையேனும் தம் கையால் கட்டச் செய்யவேண்டும்.