தம்மம்பட்டிக்குச் சரித்திரம் உண்டா?

சேலம் ஜில்லாவின் பிரமுகர்கள் யார் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட மளமளவென்று ஒப்பித்து விடுவான். அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, சேலம் விஜயராகவாச்சாரியார், மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர், மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். சரி, தம்பி, தம்மம்பட்டியின் பிரமுகர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பையன் விழிப்பான். அவனுடைய அப்பாவும் விழிப்பார்.

இத்தனைக்கும் அந்த ஊர்க்காரர்களின் கைவேலை பல வீடுகளின் பூஜை அறையில் இருக்கிறது. கோயில் வாகனங்களாக வீதி உலா வருகிறது. பட்டணத்துப் பங்களாக்களின் சுவரில் தசாவதாரப் பலகையாகத் தொங்குகிறது. கப்பல் ஏறிப் பிற தேசங்களுக்கும் போயிருக்கிறது. வேலை ஊர் ஊராகப் போனது. செய்தவனுடைய பெயர் மட்டும் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

தம்மம்பட்டிக்கு ரயில் கிடையாது. சேலம் - விருத்தாசலம் பாதையில் ஆத்தூரில் இறங்கி, அங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோ மீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். போகிற வழியெல்லாம் பாக்குத் தோப்பும், மரவள்ளிக் கொல்லையும், வாழையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. மரவள்ளி பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேருகிறது. நாம் பாயசத்தில் பார்க்கும் முத்துக்கள் இந்தச் சீமைச் சரக்குத்தான்.

ஊரின் இருப்பிடம் மிகவும் வாய்ப்பானது. மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை, நடுவில் சுவேத நதி. இந்த நதி பின்னால் வசிஷ்ட நதியுடன் கூடி வெள்ளாறு என்ற பெயரோடு பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலில் கலக்கிறது. சுவேதம் என்றால் வெள்ளை. வடமொழியில் புறப்பட்ட நதி தமிழில் கடலுக்குப் போகிறது என்று வைத்துக் கொள்ளலாம். ஊரில் உக்ரகதலி லட்சுமி நரசிம்மரும் காசி விசுவநாதரும் கோயில் கொண்டிருக்கிறார்கள். ஆத்தூர், ராசிபுரம், துறையூர் ஆகிய மூன்று திசைச் சாலைகளும் இங்கே சந்திக்கின்றன. மூன்று சாலை கூடும் இடத்தில் சந்தையும் கூடும், சமாசாரமும் கூடும். மலையிலிருந்து மரம் இறங்கி வரவும், செய்த சாமான் நாலு திக்கும் போகவும் இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இனி ஊர்ப் பெயருக்கு வருவோம். உள்ளூர்ச் சரித்திரம் எழுதப் புறப்படுகிறவர் முதலில் வழுக்கி விழுகிற இடம் இதுதான். ‘தம்மம்’ என்றால் பாலி மொழியில் தர்மம். இதே வட்டாரத்தில் ஆறகழூரை அடுத்த தியாகனூரில் புத்தர் சிலைகள் இருக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஊரை ஒரு புத்த விஹாரமாக்கி விட மனம் துடிக்கும். இன்னும் கொஞ்சம் போனால் அருகில் உள்ள உலிபுரத்தில் ‘லி’யை ‘ளி’யாக்கி, “உளி வந்த ஊர் இதோ!” என்று கூவத் தோன்றும். பொறுங்கள். ஓசை ஒத்துப் போவது சாட்சி ஆகாது. பழைய கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஊர்ப் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் சாட்சி.

‘பட்டி’ என்ற பின்பாதியில் அவ்வளவு தகராறு இல்லை. பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம், அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. இரண்டு மலைகளுக்கு நடுவே, ஆற்றோரத்தில் மேய்ச்சல் நிலம். தைப் பொங்கலை ஒட்டி இங்கே ஜல்லிக்கட்டு நடக்கிற ஊர்களில் தம்மம்பட்டியும் ஒன்று. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்து, 2017-ல் தமிழ்நாட்டின் சட்டத்தால் மீண்டும் நடந்து, 2023-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று அதே கோர்ட்டு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். காளைகளின் பெயரும், மாடு பிடித்தவன் பெயரும் ஊரில் தலைமுறை தலைமுறையாக நினைவிருக்கும். தச்சன் பெயர்தான் நினைவிருக்காது.

புத்தகங்களைப் புரட்டலாமே என்பீர்கள். புரட்டத்தான் வேண்டும். லெ பானு எழுதிய சேலம் ஜில்லா மானுவல் 1883-ல் வெளியாயிற்று. ரிச்சர்ட்ஸ் தொகுத்த ஜில்லா கெஜட்டீர் 1918-ல் வந்தது. இரண்டும் பொன்னான நூல்கள். அந்தத் துரைமார்களின் உழைப்பைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது கோட்டை, போர், வரி, பஞ்சம். ஆத்தூர்க் கோட்டையைப் பற்றியும் சேந்தமங்கலம் பாளையக்காரரைப் பற்றியும் தெரிந்து கொள்ளலாம். சின்ன ஊரின் தெருக்களுக்குள் அவர்களுடைய குதிரை அதிகம் நுழைந்ததில்லை.

அதற்கும் முந்தைய காகிதங்கள் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையின்படி இந்தச் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு கலெக்டரானார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர், பிற்காலத்தில் சென்னை கவர்னராகிக் குதிரை மேல் சிலையாக நிற்கிற தாமஸ் மன்றோ. இவர்கள் நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரே வரிக் கணக்குப் பேசினார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. ஆகவே நிலம் உள்ளவன் பெயர் காகிதத்தில் ஏறியது. நிலம் இல்லாதவன்? ஊர்த் தச்சனுக்கு மானியம் இருந்திருந்தால், 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகளில் அவனைத் தேடலாம். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளூரிலேயே கர்ணத்தின் வீட்டுப் பரண் இருந்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவியை 1980-ல் அரசாங்கம் ஒழித்து, கிராம நிர்வாக அதிகாரிகளை நியமித்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் சரித்திரக்காரனுக்கு ஒரு விசாரம்: தலைமுறைக் கணக்காகக் கணக்குச் சுவடி வைத்திருந்த வீடுகளுக்கு அதன் பிறகு அந்தக் காகிதங்களைப் பாதுகாக்க என்ன அவசியம்? வீட்டை இடித்துக் கட்டும்போது சுவடி அடுப்புக்கும் கறையானுக்கும் போகும். உங்கள் ஊரில் அப்படி ஒரு பரண் மிச்சமிருந்தால், இந்த வாரமே ஏணி போட்டு ஏறிப் பாருங்கள்.

இப்போது பட்டறைக்குள் நுழையலாம். மரச் சிற்பத்துக்கு இந்த வட்டாரத்தில் வாகையும் தூங்குமூஞ்சியும் நிறையப் புழங்குகின்றன. இதில் ஒரு வேடிக்கை. தூங்குமூஞ்சி மரம் நம் நாட்டுப் பிறவியே அல்ல; அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, நிழலுக்காகச் சாலையோரங்களில் நடப்பட்டது. அந்நிய மண்ணில் பிறந்த மரம் இங்கே வந்து விநாயகராகவும் நரசிம்மராகவும் உட்கார்ந்து கும்பிடு வாங்குகிறது. யாருடைய பூர்விகம் எது என்று சண்டை போடுகிறவர்கள் இந்த மரத்தை ஒரு முறை சுற்றி வரலாம்.

மரத்தை நன்றாக உலர விட்டு, மேலே படம் எழுதி, முதலில் பெரிய உளியால் வேண்டாததைத் தள்ளுகிறார்கள். கொட்டாப்புளியின் ‘டொக், டொக்’ ஓசை தெருவெல்லாம் கேட்கும். பிறகு உளி சின்னதாகிக் கொண்டே போகும். ஓசையும் அடங்கிக் கொண்டே வரும். கண் திறக்கிற வேளையில் மூச்சு விடுகிற சத்தம்தான் மிச்சம். கடைசியில் உப்புத்தாள், மெருகு.

இதெல்லாம் கைப்பழக்கம் என்று எண்ணி விட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. உருவத்தின் முக நீளத்தை அளவுகோலாகக் கொண்டு அதற்குத் தாளம் என்று பெயர் வைத்திருக்கிறது சிற்ப சாஸ்திரம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலக் கூறு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 கூறு. தொந்திப் பிள்ளையாருக்குப் பஞ்சதாளம் போதும். நாலு விரல் உயரப் பொம்மையானாலும் ஆள் உயரச் சிலையானாலும் கணக்கு ஒன்றுதான். கூறின் அளவு மட்டும் மாறும்.

இவ்வளவு கணக்கும் தெரிந்தவர் ஏன் கீழே கையெழுத்துப் போடுவதில்லை? கேட்டால், “சாமி மேலே நம்ம பேரு எதுக்குங்க?” என்று பதில் வரும். பணிவு பெரிய குணந்தான். ஆனால் அதே கோயிலில் அதே வாகனத்தின் பீடத்தைப் பாருங்கள். ‘உபயம்’ என்று போட்டு, பணம் கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், கடையின் பெயர், சில இடங்களில் டெலிபோன் நம்பர்கூடப் பளிச்சென்று எழுதியிருக்கும். பணம் கொடுத்தவர் பெயர் சாமிக்கு இடைஞ்சலில்லை. உளி பிடித்தவர் பெயர் மட்டும் இடைஞ்சலா? எனக்கு இந்த நியாயம் விளங்கவில்லை.

ஆயினும் உபயக் குறிப்பு நமக்கு ஒரு துப்புத் தருகிறது. அதில் வருஷம் இருக்கும். அந்த வருஷத்துக் கோயில் செலவுக் கணக்கைப் பார்த்தால் ‘ஆசாரிக்குக் கூலி’ என்று ஒரு வரி கிடைக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பெயரும் கூட. கும்பாபிஷேக அழைப்பிதழ்கள், பட்டறையில் வேலைக்கு முன்பணம் வாங்கிக் குறித்த நோட்டுகள், அளவு போட்டு வைத்த காகிதப் படங்கள், சர்க்கார் கண்காட்சிகளில் கொடுத்த சான்றிதழ்கள், 1973-ல் தொடங்கிய கைத்தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் கடைகளுக்குச் சரக்குப் போட்ட ரசீதுகள், எல்லாமே தஸ்தாவேஜுகள்தான். கல்வெட்டு என்றால்தான் சரித்திரம் என்பது ஒரு பழைய மயக்கம்.

கணக்கில் வருஷம் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்முடைய வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒரு தரம் திரும்பி வரும். ‘தாது வருஷம்’ என்று எழுதியிருந்தால் அது பெரும் பஞ்சம் வந்த 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம், 1996-ஆகவும் இருக்கலாம். காகிதமா ஓலையா, ரூபாய்க்கு அணா கணக்கா பைசா கணக்கா என்று பார்த்தால் குழப்பம் தீரும். 1957-ல் நயா பைசா வந்தது. அதற்கு முன் அணாதான்.

இதெல்லாம் பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புவிசார் குறியீட்டுச் சட்டம் என்று ஒன்று 1999-ல் இயற்றப்பட்டு, 2003-ல் அமலுக்கு வந்தது. ஓர் ஊரின் சரக்குக்கு அந்த ஊர்ப் பெயரைச் சட்டப்படி சொந்தமாக்குகிற ஏற்பாடு அது. பச்சைமலைக்கு அந்தப் புறம் உள்ள அரும்பாவூரின் மரச் சிற்பம் 2020-ல் அதைப் பெற்றது. கல்வராயன் மலைக்கு அப்பால் கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் 2021-ல் பெற்றது. மனுப் போடும்போது, “இந்தத் தொழில் இந்த ஊரில் எவ்வளவு காலமாக நடக்கிறது? ஆதாரம் என்ன?” என்ற கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். ‘எங்க பாட்டன் காலத்திலிருந்து’ என்றால் கிண்டி ஆபீசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாட்டனுக்குப் பெயர் வேண்டும், வருஷம் வேண்டும், காகிதம் வேண்டும். பரண் மேலே கிடக்கிற பழைய நோட்டு பேரனுடைய கூலியைத் தீர்மானிக்கிற காலம் இது. யந்திரத்தில் படம் ஏற்றி ஒரே மாதிரி நூறு பலகை வெட்டித் தள்ளுகிற நாளில், கை வேலை எது என்று காட்டவும் அதே நோட்டுத்தான் வேண்டும்.

இதே பிரதேசத்தில் இப்படித் தேடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. வாணகோவரையர்கள் ஆண்ட ஆறகழூரின் காமநாதீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளைப் பற்றியும், சுற்று வட்டாரத்து நடுகற்களைப் பற்றியும் சேலம் வரலாற்று ஆய்வு மையத்தார் ஊர் ஊராக அலைந்து செய்தி சேகரித்து வருகிறார்கள். ராஜாக்களுக்கு ஆள் கிடைத்து விட்டார்கள். தச்சர் தெருவுக்கு ஆள் தேவை.

போகிறவருக்கு ஒரு யோசனை. எடுத்த எடுப்பில், “உங்கள் தொழில் எந்த வருஷம் ஆரம்பித்தது?” என்று பெரியவர்களைக் கேட்கக் கூடாது. யாருக்கும் தெரியாது, மரியாதைக்காக ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லி வைப்பார்கள், அது அச்சேறி, பிறகு அதுவே ஆதாரமாகி விடும். “உங்க தாத்தா எந்தக் கோயிலுக்குக் குதிரை செஞ்சாருங்க?” என்று கேளுங்கள். கோயில் பெயர் உடனே வரும். ஊர் வரும். மாட்டு வண்டியிலா லாரியிலா கொண்டு போனார்கள் என்று வரும். கூலியாக நெல் அளந்தார்களா, பணம் கொடுத்தார்களா என்று வரும். தாத்தாவுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் யார் என்ற பேச்சு வரும்போது, உள்ளே அடுப்படியிலிருந்து பாட்டி குரல் கொடுப்பாள்: “அவுரு பேரு அது இல்லீங்க, நான் சொல்றேன்.” அப்போது பேனாவை மூடி விடாதீர்கள்.